எரர் அங்கிள்

அபார்ட்மென்ட் என்று ஒன்று எழும்பிவிட்டால் போதும், தண்ணீர் லாரிக்கு ஒருவர், பார்க்கிங் தகராறுக்கு ஒருவர், கம்ப்யூட்டருக்கு ஒருவர் என்று இலாகா பிரிப்பு தானாகவே நடந்துவிடும். அந்த மூன்றாவது இலாகாதான் எரர் அங்கிள். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். எண்களோடு புழங்கிய உத்தியோகம். அதிலும் ரயில்வே முன்பதிவு கவுன்ட்டரில் இருந்தவர் என்றால் தனி ரகம். 12637 என்றால் பாண்டியன், 12635 என்றால் வைகை என்று காலமெல்லாம் சொன்ன வாய், இப்போது 80070005 என்றால் ‘அனுமதி இல்லை’, 80070002 என்றால் ‘ஃபைலைக் காணோம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

“அங்கிள், லேப்டாப்ல ஏதோ எரர்னு வந்துச்சு.”

“நம்பர் என்னம்மா?”

“பார்க்கலையே அங்கிள். க்ளோஸ் பண்ணிட்டேன்.”

அங்கிளின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். பி.என்.ஆர். நம்பரே இல்லாமல் “டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிடுச்சா?” என்று கேட்டவரைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்த அதே பார்வை. நம்பரோடு வருகிறவர்களுக்கோ நாற்காலி, மின்விசிறி, மோர்.

“80070070-ஆ? முன்னாடி இருக்கிற 8007-ஐ விட்டுடு. அது குடும்பப் பேரு. கடைசி நாலுதான் ஆளோட பேரு. இது பதினாறு கணக்கு. ஏழு பதினாறு?”

எதிரே இருப்பவர் ஐ.டி. கம்பெனியில் டீம் லீடர். மேலே விட்டத்தைப் பார்ப்பார்.

“நூத்திப் பன்னெண்டு! 112-ன்னா டிஸ்க்ல இடமில்ல. பதினாறாம் வாய்ப்பாடு தெரியாம எப்படித்தான் உங்களுக்கெல்லாம் வேலை கொடுத்தானோ!”

போய்ப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். தங்கையின் கல்யாண வீடியோ டெஸ்க்டாப்பில் ஒன்று, டவுன்லோடில் ஒன்று, ‘நியூ ஃபோல்டர் 2’-இல் ஒன்று. அப்டேட் உட்கார இடமேது? அங்கிள் சொல்வது அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். பழுது பார்க்க ஐந்து நிமிடம், விளக்கம் சொல்ல ஒரு மணி நேரம் என்பதுதான் சங்கடம். காசு வாங்க மாட்டார். அவருக்கு வேண்டியது காபியும், தலையாட்ட ஓர் ஆளும்.

அவருடைய ஜன்மப் பகைவன் தெருமுனைக் கடைப் பையன். எந்த எரரைக் காட்டினாலும் அவனிடம் ஒரே பதில்: “ஃபார்மட் அடிச்சிடலாம் சார்.” இது அங்கிளின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றும். அவர் கறுப்புத் திரையைத் திறந்து எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ் கொடுப்பார். அடுத்தது டிஸம். அது 62.3 சதவீதத்தில் போய் நின்றுகொள்ளும். வீட்டுக்காரர் பதறுவார். “தொடாதீங்க. அது அங்க நிக்கும், அப்புறம் கிளம்பும்” என்பார் அங்கிள், சிக்னலுக்கு வெளியே நிற்கும் வண்டியைப் பற்றிச் சொல்லும் நிதானத்தோடு.

திரையே வராமல் பீப் சத்தம் மட்டும் வந்தால் வீட்டுக் குழந்தையின் பென்சில் பாக்ஸைக் கேட்பார். கேபினெட்டைத் திறந்து, இருபுறக் கொக்கியையும் விரலால் தள்ளி, ராமைக் கழற்றி, அதன் தங்க நிற ஓரத்தை ரப்பரால் ஒரே திசையில் தேய்ப்பார். ரப்பர் துகளை ஊதாமல் வேட்டி நுனியால் தட்டுவார். ஊதினால் எச்சில் படுமாம். திரும்பச் சொருகினால் ‘டக்’, ‘டக்’ என்று இரண்டு சத்தம். இரண்டாவது டக் கேட்கும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. குழந்தைக்கு ரப்பர் திரும்பக் கிடைக்காது. அது தனிக் கதை.

ஒன்று மட்டும் கொஞ்சம் அநியாயம். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்று கூப்பிட்டாலும் ஈவன்ட் வியூவரைத் திறந்துவிடுவார். அங்கே 10016 என்ற எண் வரிசை வரிசையாக நிற்கும். “பார்த்தீங்களா?” என்பார். வீட்டம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். அந்த எண் பொதுவாக எல்லார் வீட்டிலும் இருப்பது, அதனால் பாதகமில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருப்பது அங்கிளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் காபி டம்ளர் காலியான பிறகுதான் அதைச் சொல்வார்.

2012-இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த அழுமூஞ்சி நீலத் திரையை, 2025-இல் விண்டோஸ் 11 கறுப்பாக்கி, மூஞ்சியையும் எடுத்துவிட்டது. அங்கிளுக்கு அதில் வருத்தம். “அழவாவது செஞ்சுது பாவம்” என்றார். ஆனால் அவருடைய உண்மையான கவலை வேறு. மகன் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப் எந்த எரரும் காட்டுவதில்லை. அதை அவர் அதிகம் திறப்பதுமில்லை. “சப்புனு இருக்கு” என்கிறார்.

நல்லவேளையாக, மாதத்தின் இரண்டாவது செவ்வாய் என்றால் மைக்ரோசாஃப்ட் அப்டேட் விடும் நாள். நம் ஊருக்கு அது வந்து சேர ராத்திரி ஆகிவிடும். மறுநாள் காலை அங்கிள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் குளித்து, மடித்த வேட்டி கட்டி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, கைபேசியின் சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துவிட்டு வாசலைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். “எங்கயாவது கிளம்புறீங்களா?” என்று மாமி கேட்டால், “பிரின்ட்டர் நிக்கும் பாரு, மூணாவது மாடி ஆடிட்டர் கூப்பிடுவார்” என்பார்.