இறுப்பிட்டி இலகு ரயில் நிலையம்: பெயர்வழி ஓர் ஆய்வு

யாழ்ப்பாணம் வரை வந்த தண்டவாளம் காங்கேசன்துறைப் பக்கம் போய்விட்டது. பண்ணைக் கடலைத் தாண்டவில்லை. ஆகவே தீவகத்தில் ரயில் நிலையம் கிடையாது என்று முன்னையோர் முடிவுகட்டிவிட்டார்கள். அவர்கள் தண்டவாளத்தைத் தேடினார்களே தவிர அகராதியைப் புரட்டவில்லை. புங்குடுதீவின் இறுப்பிட்டி ஓர் இலகு ரயில் நிலையமே என்பதை இக்கட்டுரை நிறுவும்.

இறு என்னும் வினைக்குத் தங்குதல் என்று ஒரு பொருள். பிட்டி என்றால் மேடு. வண்டி தங்கும் மேட்டுக்குப் பிளாட்போம் என்றல்லாமல் வேறென்ன பெயர்? கடன் இறுத்தல் என்கிறோம். அது ரிக்கெற் கவுண்டர். விடையிறுத்தல் என்கிறோம், அது விசாரணை யன்னல். இறுதி என்கிறோம், அது கடைசி ஸ்ரேசன். ஒரே வினைச்சொல்லுக்குள் முழு நிலையத்தையும் கட்டி வைத்த இன்னோர் ஊர் இருந்தால் அறியத் தரவும். இருபிட்டி என்று எழுதுவோரும் உளர். அவர்களோடு எமக்குச் சண்டையில்லை. இரண்டு மேடு என்றால் போகிற பக்கம் ஒன்று, வருகிற பக்கம் ஒன்று.

சுற்றுப்புறச் சான்றுகள் இன்னும் வலுவானவை. அதே தீவில் மடத்துவெளி இருக்கிறது: பயணிகள் தங்குமிடம். கழுதைப்பிட்டி இருக்கிறது: சாமான் ஏற்றியிறக்கும் மேடை. கழுதைகள் பிற்காலத்தில் வேலையை விட்டிருக்கலாம். குறிகட்டுவான்? குறி கட்டுகிறவன் சிக்னல்காரன் அன்றி வேறு யார்? நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு புறப்படும் துறை அது என்று சிலர் குறுக்கிடுவர். ரயிலால் இறங்கிக் கப்பல் ஏறுவது 1914 முதல் 1964 வரை தலைமன்னாரில் நடந்த காரியந்தானே.

ஒல்லாந்தர் புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும், காரைதீவை ஆம்ஸ்ரடாம் என்றும், அனலைதீவை ரொட்டடாம் என்றும் அழைத்தார்கள். அசல் ஆம்ஸ்ரடாமிலும் ரொட்டடாமிலும் இன்றைக்கும் டிராம் ஓடுகிறது. பெயரைத் தந்துவிட்டு வண்டியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

தண்டவாளம் எங்கே என்று கேட்பவர்களுக்குக் கொழும்பைக் காட்டுவோம். கோட்டையிலிருந்து மாலபேக்கு ஜப்பான் கடனில், 16 நிலையங்களோடு திட்டமிட்ட இலகு ரயில் 2020 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. அந்த 16 நிலையங்களுக்கும் இறுப்பிட்டிக்கும் தண்டவாளக் கணக்கு ஒன்றே: பூச்சியம். எங்கட தீவாட்கள் நிறைய வாழும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தண்டவாளம் உண்மையாகவே இருந்தது. 1985 இல் திறந்த அந்த இலகு ரயிலுக்கு 6 நிலையங்கள். அவற்றில் எல்ஸ்மியரில் ஏறி இறங்குவோர் அருமை. 2023 யூலை 24 இல் அதற்குக் கிட்டவாகக் கடைசிப் பெட்டி தடம்புரண்டது. சேவை திரும்பத் தொடங்கவே இல்லை. எல்ஸ்மியரில் ரயில் இருந்தது, ஆள் குறைவு. இங்கே ஆள் இருக்கிறது. ரயிலின் பாரத்தைக் குறைத்துத்தான் இலகு ரயில் செய்தார்கள் என்றால், அந்தக் குறைப்பைக் கடைசிவரை கொண்டுபோனது இறுப்பிட்டி.

இனிக் கள ஆய்வு. வெயில் ஏறிய நேரம். மதகில் நாம் இருக்கிறோம். ஒழுங்கையால் ஓர் ஆச்சி குடையோடு வருகிறார். கையில் பனையோலை உமல். அதற்குள் எதையோ ஈரச்சாக்கால் சுற்றி வைத்திருக்கிறார்.

"பஸ் போட்டுதோ, மோனை?"

"இல்லையணை ஆச்சி, இன்னும் வரேல்லை."

"அப்ப வரும்."

உமலை மதகில் வைத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து வெற்றிலையை எடுக்கிறார். நாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது இது: இத்தீவின் பேச்சில் பஸ்ஸுக்கு 'போட்டுது' என்று இறந்தகாலம் உண்டு, 'வரும்' என்று எதிர்காலம் உண்டு. 'வருகுது' என்ற நிகழ்காலத்தை, அன்று மதகில் இருந்த ஒன்றரை மணித்தியாலத்தில், ஒருவர் வாயிலும் கேட்கவில்லை. இலக்கண ஆசிரியர்கள் கவனிக்க.

கடைசியாக ஒன்று. பஸ் நிற்கும் இடத்துக்கு எங்கள் நாட்டில் 'பஸ் தரிப்பிடம்' என்று பெயர். தரித்தல் என்றாலும் இறுத்தல் என்றாலும் தங்குதலே. ஆகவே இறுப்பிட்டியில் 'தரிப்பிடம்' என்று பலகை நடுவது, நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்றான கூறியது கூறல். பலகைக் காசு மிச்சம். அந்தக் காசுக்கு, ஆச்சி இருக்கிற மதகுக்கு மேலே இரண்டு தகரம் போட்டுவிடுங்கள்.