பெட்டி பெருசானா போதுமாலே?

வாலே பேராண்டி, உக்காரு. ரெண்டு லட்சத்துக்குக் கேமரா வேணும்னு உங்க அப்பன்கிட்ட மனு போட்டிருக்கியாமே? சுடலைமாடன் கொடையைச் சாமத்துல படம் பிடிக்கணும், இருக்கிற கேமராவுல எல்லாம் புள்ளி புள்ளியா வருதுன்னு சொன்னியாம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்! யாஷிகாவைக் கழுத்துல தொங்கவிட்டுக் கல்யாண வீடு கல்யாண வீடா அலைஞ்சவன் நான். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். பல்லைக் காட்டாமக் கேளு.

பெட்டியில என்ன லென்ஸ் மாட்டியிருக்க? வாங்கும்போது கூடவே குடுத்தது. ஜூமை இழுத்துட்டா எஃப் 5.6-க்கு மேல கண்ணு தெறக்காது. நீ கேக்குற ஃபுல் பிரேம்ல சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். இப்ப உன்கிட்ட இருக்கிறதைப்போல ரெண்டேகால் மடங்கு பரப்பு. நல்லதுதான், யார் இல்லைன்னா? ஆனா 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு வாங்கி மாட்டினா, பத்து மடங்கு கிட்ட வெளிச்சம் உள்ள வரும். விலையோ உன் கனவுல பத்துல ஒரு பங்குகூட வராது. அதை விட்டுட்டு, அண்டாவை வாங்கி ஊசிக் குழாயில தண்ணி பிடிக்கப் பாக்க. பழைய லென்ஸுன்னாலும் பாதகமில்லை. வாங்குமுன்னே டார்ச்சை உள்ள அடிச்சுப் பாரு. பூஞ்சை நூல் நூலா ஓடியிருந்தா, கடைக்காரனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துரு.

ட்ரைபாடும் வேணுமாக்கும்? கோபுரத்தைப் பிடிக்க வச்சுக்க, அது எங்கயும் ஓடாது. சாமியாடி ஓடுவாரு. கை நடுக்கத்தைத்தான் ட்ரைபாடு தாங்கும். அவரு ஆடுறதை நிறுத்த ஷட்டர்தான் வேணும், குறைஞ்சது 1/125. அதுக்கு ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏத்து. புள்ளி விழுதேன்னு பயந்து 400-ல வச்சுப் படத்தை இருட்டா எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டர்ல வெளுக்கிறியே, அப்பத்தான் புள்ளி இன்னும் கூடுதலா மொளைக்கும். ராவா எடுத்து வச்சுக்க.

பந்தலுக்கு வந்தா வேற கூத்து. டியூப் லைட்டும் மலிவு எல்.ஈ.டியும் உன் கண்ணுக்கு நின்னு எரியும். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால செகண்டுக்கு நூறு தரம் மங்கித் தெளியும். ஷட்டரை 1/500-க்குத் தூக்கினியோ, ஒரு படம் வெளுப்பு, ஒரு படம் கருப்பு, ஒண்ணுல குறுக்கப் பட்டை. சத்தமில்லாத ஷட்டரைப் போட்டா பட்டை இன்னும் மோசம். பந்தலுக்குள்ள மட்டும் 1/125-ஐ விட்டு 1/100-க்கு இறங்கி நில்லு. மகுடம் முழங்குற எடத்துல உன் ஷட்டர் சத்தம் யார் காதுல விழப்போவுது?

ஃபிளாஷை வீட்டுலயே வச்சுட்டு வா. புகைக்குள்ள அடிச்சா புகைதான் வெள்ளையா வரும். தூரம் ரெட்டிச்சா வெளிச்சம் காலாப் போயிரும். சாமியாடி மூஞ்சியில அடிச்சா, அவர் மேல சாமி இறங்குதோ இல்லையோ, உன் முதுகுல அடி இறங்கும்.

இருட்டுல போகஸ் திண்டாடும். நெத்தித் திருநீற்றுப் பட்டையோட ஓரத்துல வை. வெள்ளையும் கருப்பும் சேருற அந்தக் கோட்டைக் கேமரா கப்புனு பிடிச்சுக்கிடும். தீப்பந்தத்தை அளந்தா முகம் கரியாகும். முகத்துக்கு அளவு வை, தீ வெளுத்தா வெளுத்துட்டுப் போவுது. பந்தத்துல எண்ணெய் ஊத்துவாங்க பாரு, குப்புனு ஒரு தரம் எழும்பும். சாமியாடி அந்தப் பக்கம் திரும்புற வரைக்கும் விரலை அடக்கு. நீ என்னடான்னா பொரி பொரியுறாப்புல ஆயிரம் தடவ அமுக்குத.

ஸ்கிரீனை நம்பாத. ராத்திரியில அது பளிச்சுன்னு காட்டும், நீயும் மெச்சிக்கிடுவ, விடிஞ்சு பாத்தா படம் மங்கிக் கெடக்கும். ஸ்கிரீனோட வெளிச்சத்தைக் குறைச்சு வச்சு ஹிஸ்டோகிராமைப் பாரு.

இன்னைக்கே ஆரம்பி. பொழுது சாஞ்சதும் ஆட்டுத் தொழுவத்துல ஒரு விளக்கை வச்சுக் குட்டிகளைப் பிடி. அதுகளும் ஒரு நிமிசம் நிக்காது, கூலியும் கேக்காது. அதுல நல்ல படம் விழுந்தா, உங்க அப்பன்கிட்ட நானே பேசுதேன்.

ஒண்ணே ஒண்ணுதான் கவலை. போன கொடையில சாமப் பூசைக்கு மேளம் அடிக்கையில, நீ பந்தக்காலைக் கட்டிப்பிடிச்சுக் குறட்டை விட்டுக்கிட்டுக் கெடந்த. அதுக்கு எந்தக் கடையில என்ன லென்ஸ் விக்கிதுன்னு விசாரிச்சியா?