பேனாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்!

கேள்வி: ‘உடல்நிலை காரணமாக விலகுகிறேன்’ என்று தலைவர்கள் சொன்னால் நம்பலாமா? என் கணவர் அரசு பஸ் டிரைவர். விபத்தில் கால் போய், பிரேக்கை மிதிக்க முடியவில்லை. அவரும் ராஜினாமா எழுதி வைத்திருக்கிறார்.
— வாசகி, கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்

பதில்: நம்பலாம் அம்மா, உங்கள் ஊரிலேயே பார்த்தோமே. கோடியேரி பாலகிருஷ்ணன் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக 2020 நவம்பரில் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். மறு வருடம் டிசம்பரில் திரும்பினார், நாற்காலி காத்திருந்தது. 2022 ஆகஸ்டில் மறுபடி விலகினார். மறுநாளே ஏர் ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 1 அன்று காலமானார்.

அவருக்குக் கட்சி இருந்தது. உங்கள் வீட்டுக்காரருக்குச் சட்டம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4): பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை அரசு நிறுவனம் வீட்டுக்கு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். பொருத்தமான இடம் இல்லையா, கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். தானாக ராஜினாமா கொடுத்தால் இதைக் கேட்கும் பிடியே தளர்ந்துவிடும். டிரைவர் சீட்டிலிருந்து இறங்கட்டும், டிப்போவிலிருந்து இறங்க வேண்டாம்! கடிதத்தைக் கிழித்துவிட்டு, நாளைக்கே ஊனச் சான்றிதழுக்கு மெடிக்கல் போர்டில் மனுப் போடச் சொல்லுங்கள். சான்றிதழ் வந்ததும் மாற்றுப் பணி கேட்டு எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளட்டும்.