பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காத தண்ணீர்

டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் வீடு வாங்குகிறவர் முதல் நாளே சமையலறையைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பிவிடுகிறார். கராஜ், குளியலறை, கொல்லைப்புற வேலி எல்லாம் வாட்ஸ்அப்பில் போகின்றன. வாசல் புல்தரையில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் பச்சை மூடியை மட்டும் யாரும் சீண்டுவதில்லை. புல்லுக்குத் தண்ணீர் விடும் ஸ்பிரிங்க்ளர் வால்வுகள் அதற்குள்தான் குடியிருக்கின்றன. கூடவே சிலந்தி, தவளை; டெக்சஸ் ஆயிற்றே, நெருப்பெறும்பும் இருக்கும்.

அந்த மூடியின் நினைப்பு வருவது, எப்படியோ, மழை நாளில்தான். வானம் ஊற்றுகிறது; அதற்குப் போட்டியாக மூன்றாம் ஸோனும், அதாவது மூன்றாம் வால்வு நனைக்கும் பகுதியும், பீய்ச்சி அடிக்கிறது. குடை பிடித்து நாயோடு நடப்பவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார். அலுவலகத்தில் நூறு சர்வர்களைக் கட்டி மேய்க்கும் வீட்டுக்காரர், கராஜ் சுவரில் இருக்கும் கன்ட்ரோலரிடம் ஓடுகிறார். ஆஃப் செய்கிறார். நிற்கவில்லை. ஆன் செய்து மறுபடி ஆஃப். ஊஹூம். கடைசியில் பிளக்கையே பிடுங்கிவிடுகிறார்.

“இன்னும் வருதுங்க” என்கிறார் மனைவி, ஜன்னலிலிருந்து.

“கரன்டே இல்லையே, எப்படி வரும்?”

“அதைத் தண்ணிகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

தண்ணீர் பக்கம் நியாயம் இருக்கிறது. கன்ட்ரோலர், வீட்டு மின்சாரத்தின் 120 வோல்ட்டை 24 ஆகக் குறைத்து வால்வுக்கு அனுப்புகிறது. இந்தச் சொற்ப மின்சாரம் எந்தக் காலத்திலும் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதில்லை. வால்வை மூடி வைத்திருப்பது தண்ணீரேதான்! உள்ளே டயஃப்ரம் என்றொரு ரப்பர் வட்டு. குழாயில் வரும் தண்ணீர் ஓர் ஊசித்துளை வழியே ஏறி, ரப்பருக்கு மேலுள்ள சின்ன அறையையும் நிரப்புகிறது. மேலும் கீழும் அதே அழுத்தம்தான். ஆனால் மேலே அது அமுக்கும் பரப்பு அதிகம். அதனால் மேல்தண்ணீர் ஜெயிக்கிறது, ரப்பர் அமுங்கிக் கிடக்கிறது.

கன்ட்ரோலர் மின்சாரம் அனுப்பியதும் சோலினாய்டு என்னும் கம்பிச்சுருள் காந்தமாகி ஒரு சிறு உலோகத் தண்டைத் தூக்குகிறது. மேலறைத் தண்ணீர், தண்டு விலகிய சந்தில் வடிந்துவிடுகிறது. பாரம் குறைந்ததும் கீழ்த்தண்ணீர் ரப்பரை முட்டித் தூக்கிக்கொண்டு புல்லை நோக்கிக் கிளம்புகிறது. மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் தண்டை இறக்கிச் சந்தை அடைக்கும், மேலறை நிரம்பும், வால்வு மூடிக்கொள்ளும். ஆக, மின்சாரத்துக்கு இங்கே கல்யாண வீட்டுப் பெரியப்பா உத்தியோகம்: கண்ணைக் காட்டுவதோடு சரி, பாத்திரம் தூக்குவது மற்றவர்கள்.

இப்போது ஒரு மணல் துகள் உள்ளே வருகிறது. ஊசித்துளையை அது அடைத்தால் மேலறை நிரம்பாது. வடிகால் சந்தில் மாட்டிக்கொண்டால் நிரம்பியது தங்காது. ரப்பர் கிழிந்திருந்தாலும் கதி இதுதான். எப்படிப் பார்த்தாலும் வால்வு மூடப்போவதில்லை. பிளக்கைப் பிடுங்கினால் மணலுக்கு என்ன நஷ்டம்?

செய்ய வேண்டியது வேறு. மீட்டர் பக்கத்தில் இன்னொரு பெட்டியில் பேக்ஃப்ளோ கருவி இருக்கும். உரம் கலந்த புல்தரைத் தண்ணீர் சமையலறைக் குழாய்க்குத் திரும்பி வராமல் காக்கும் புண்ணியவான் அது. அதன் கைப்பிடிகளில் ஒன்றைக் குழாய்க்குக் குறுக்கே திருப்பினால் புல்லுக்குப் போகும் தண்ணீர் நின்றுவிடும், குளிக்கிறவர் பாதியில் அலற வேண்டியதில்லை. பிறகு வால்வின் திருகுகளைக் கழற்றி, ரப்பரை எடுத்துக் கழுவி, எப்படி இருந்ததோ அப்படியே வைத்து மூட வேண்டும். டெக்சஸில் அடுத்தவர் வீட்டில் கூலிக்கு இதைச் செய்ய மாநில உரிமம் வேண்டும். சொந்த வீட்டில் தாராளமாகக் கைவைக்கலாம்.

வால்வு திறக்கவே மாட்டேன் என்றால் சோலினாய்டைக் கையால் கால் சுற்றுத் தளர்த்திப் பார்க்கலாம். தண்ணீர் வந்தால் வால்வு நல்லது, குற்றவாளி மின்சாரம். மல்டிமீட்டரில் சோலினாய்டு பொதுவாக 20 முதல் 60 ஓம் வரை காட்டும். முள் அசையாவிட்டால் கம்பிச்சுருள் அறுந்துவிட்டது என்று பொருள். இவ்வளவையும் தெரிந்துகொள்ளாமல் புதுக் கன்ட்ரோலர் வாங்கி மாட்டி, வைஃபையும் கொடுத்து, கைப்பேசியிலிருந்தே அதே வால்வைத் திறக்க முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆர்ப்பாட்டமாகப் பீய்ச்சும் வால்வாவது ஊரைக் கூட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். சத்தமில்லாமல் கசிவதுதான் ஆபத்து. இந்தக் குழாய் அமைப்பில் அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு அளவுக்கு ஓட்டை இருந்தாலே மாதம் 6,300 கேலன், அதாவது ஏறக்குறைய 24,000 லிட்டர் வீணாகும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. தாழ்வான ஸ்பிரிங்க்ளரைச் சுற்றி மட்டும் புல் சந்தேகப்படும்படி செழித்திருந்தால் அந்த ஸோனின் வால்வைத் திறந்து பார்ப்பது நல்லது.

வால்வு யோக்கியமாக இருந்தும் பில் எகிறினால் கன்ட்ரோலரை விசாரிக்கலாம். தொடங்கும் நேரம் ஒரு தடவை கொடுத்தால் போதும், எல்லா ஸோனும் வரிசையாக ஓடி முடியும். நம்மவர் நான்கு ஸோனுக்கு நான்கு தொடக்க நேரம் கொடுத்து வைத்திருப்பார். முழு வரிசையும் நான்கு தடவை ஓடும். ஸோனுக்குப் பத்து நிமிடம் என்று நினைத்தது நாற்பது ஆகும். மாதக் கடைசியில் பில் வந்ததும், மீட்டரில்தான் ஏதோ கோளாறு என்று நகராட்சிக்குப் புகார் எழுத உட்காருவார்.