உத்தேசமாக ஒரு தொகை

"உத்தேசமாக ஒரு தொகை சொல்லுங்கள், போதும்" என்று கேட்டுக்கொண்டு எங்கள் அச்சகத்துப் படியேறி வருகிற கனவான்களுக்கு நான் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடுவதும், அவர்கள் பரம திருப்தியோடு வெற்றிலைச் செல்லத்தை மூடிக்கொண்டு எழுந்து போவதும், பிறகு மூன்று மாத காலம் நான் நித்திரையின்றித் தவிப்பதும் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது.

அப்படித்தான், கும்பாபிஷேக மலர் ஒன்றுக்கு 96 பக்கம், 1,000 பிரதி என்று கமிட்டியின் காரியதரிசி சொன்னதை வேதவாக்காகக் கொண்டு கணக்குப் போட்டேன். பாரத்துக்கு 16 பக்கம், ஆக ஆறு பாரம், கச்சிதம். அச்சுக்கோத்து முடிகிற சமயத்தில் ஒரு மிராசுதாரின் ஆசியுரை வந்தது. "நாலே பக்கம்தானே!" என்றார் காரியதரிசி. நாலு பக்கமானாலும் அதைத் தனியே முடுக்கி, மெஷினில் ஏற்றி, இன்னொரு ஓட்டம் ஓட்டியாக வேண்டும் என்பதும், அது பந்தி முடிந்த பிறகு வந்த ஒருவருக்காக மறுபடி உலை வைப்பதற்குச் சமானம் என்பதும் அவருக்கு விளங்கவில்லை. 'சில படங்கள்' என்றிருந்தார், வந்தவை 43. ஆப்டோன் பிளாக்கின் நுண்புள்ளிகள் சொரசொரப்பான காகிதத்தில் மை அப்பி, தர்மகர்த்தாவையும் தவில் வித்துவானையும் ஒரே முகமாக்கிவிடுமாதலால், ஆர்ட் பேப்பர் வாங்க நேர்ந்தது. புரூப்போ 11 அங்கத்தினரிடமும் சுற்றி வந்தது: உபதலைவர் 'ஸ்ரீமான்'களையெல்லாம் அடித்துத் 'திருவாளர்' ஆக்க, பொக்கிஷதார் அத்தனை பேரையும் மறுபடி ஸ்ரீமான்களாக்கினார். கம்பாசிட்டர் இரண்டு நாள் லீவு கேட்டார், கொடுத்தேன்.

இப்போதெல்லாம் காகித அளவு டெம்மியா கிரௌனா, படம் எத்தனை, பிளாக் யார் செலவு, புரூப் எத்தனை தடவை என்று கேட்காமல் நான் பேனாவைத் தொடுவதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் கடன் பத்திரத்தை விசாரிக்கிறவனைப் போல என்னைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். "அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்தக் கேள்விக்கு விடை வருகிறதோ, அந்தக் கேள்வியில்தான் என் கைப்பணம் கரையப்போகிறது என்பது என் அநுபவம்.

சென்ற வாரம் ஒரு சபாக் காரியதரிசி என் கேள்விகள் அனைத்துக்கும் தயங்காமல் விடை சொன்னார். ஆனந்தத்தில் அவருக்குக் காபி வரவழைத்தேன்.

"கடைசிப் புரூப்பில் கையெழுத்திடுவது யார்?"

"நானேதான். வேறு யார்?"

தொகையை எழுதி நீட்டினேன். வாங்கி மடித்துக்கொண்டு வாசல்வரை போனவர், செருப்பை மாட்டியபடியே திரும்பினார்.

"எதற்கும் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறேனே?"