மிகைச் செலுத்தியல்: வரம்பு கடந்த ரூபாயைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மதுரை சிம்மக்கல்லில், மைய நூலகத்துக்கும் கல்பாலத்துக்கும் இடைப்பட்ட தெருக்களில் குடியிருக்கும் குடும்பத் தலைவர்களைப் பங்குனி மாதத்தில் பீடிக்கும் வியாதிகள் பலவற்றுள், எந்த வைத்தியரும் நாடி பிடித்துக் கண்டறிய இயலாததும், இரண்டு பாஸ்புத்தகங்களை அருகருகே விரித்து வைத்தாலன்றிப் புலப்படாததுமாகிய வியாதி ஒன்று உண்டு. பி.பி.எஃப். என்று சகல ஜனங்களும் வழங்கும் பொது வருங்கால வைப்பு நிதியில், சர்க்கார் அனுமதித்த வரம்புக்கு மேல் பணத்தைச் செலுத்திவிடுதலே அது. அதன் இலக்கணம், நிதானம் (அதாவது நோய்க் காரணம்), சிகிச்சை ஆகிய மூன்றையும் ஆராயப் புகுகின்றோம்.

1968-ல் தோன்றி, 2019-ல் புதிய விதிகளைப் பெற்ற இத்திட்டத்தில், ஒரு நிதியாண்டில் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமலும், ஒன்றரை லட்சத்துக்கு மேற்படாமலும், ஐம்பதின் மடங்குகளாகச் செலுத்தல் வேண்டும். இந்த ஒன்றரை லட்சம் 2014-ல் வந்தது. அதற்கு முன் ஒரு லட்சம்தான். தன் பெயரில் உள்ள கணக்கும், மைனர் குழந்தைக்காகத் தான் காப்பாளராக இருந்து திறந்த கணக்கும் சேர்ந்தே அவ்வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. வியாதியின் வித்து இவ்விடத்தில்தான் இருக்கிறது.

தர்க்க சாஸ்திரிகள் இலக்கணத்துக்குச் சொல்லும் அவ்வியாப்தி (குறைவு), அதிவியாப்தி (மிகை) என்னும் தோஷங்களை நிதி அமைச்சகத்தாரும் அறிந்திருக்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். ஐந்நூறுகூடச் செலுத்தாதவனுடைய கணக்கு மூர்ச்சை போட்டுவிடும். தெளிவிக்க வேண்டுமானால் தவறிய ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஐந்நூறு ரூபாய் பாக்கியும் ஐம்பது ரூபாய் அபராதமும் கட்ட வேண்டும். அதிகமாகச் செலுத்தியவனுக்கோ அபராதம் இல்லை. மிகுதிப் பணத்துக்கு வட்டியும் இல்லை. வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். ஏழ்மைக்கு ஐம்பது ரூபாய் தண்டமும், ஆர்வத்துக்கு மௌனமும் விதித்த இந்தத் தண்டநீதியின் நுட்பத்தை நினைக்குந்தோறும் வியப்பு மேலிடுகிறது.

மதுரைவாசிகள் எடுத்துக்காட்டக் கூடிய பூர்வபட்சம் ஒன்றை இங்கே பரிசீலித்து விலக்குவோம். குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய அரண்மனைப் பணத்தை மந்திரி திருவாதவூரர் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட, பாண்டியன் அதனைத் திருப்பிக் கேட்டு வருத்தினான் என்ற திருவிளையாடலே இவ்விஷயத்துக்கு மூலம் என்பர். அது பொருந்தாது. அங்கே நடந்தது ஒரு தலைப்பில் வாங்கிய பணத்தை வேறு தலைப்பில் செலவு செய்தது. இங்கே தலைப்பு சரி, தொகைதான் பிசகு. அன்றியும், சிம்மக்கல்வாசிக்கு நரிகளைப் பரிகளாக்கிக் கொடுத்து உதவ யாரும் வருவதில்லை.

இனி நிதானம். பேராசையே காரணம் என்று ஆடிட்டர்கள் சிலர் சாதிக்கின்றனர். நாம் அதை ஒப்பவில்லை. ஒரு குடும்பத்தைக் கவனியுங்கள். கணவர் மார்ச் மாதக் கடைசி வாரத்தில், வருமான வரிச் சலுகையை மனத்தில் இருத்தி, தம் பெயரில் உள்ள அஞ்சலகக் கணக்கில் ஒன்றரை லட்சத்தைக் கட்டி முடிக்கிறார். (அச்சலுகை கிடையாத புதிய வரி முறைக்கு மாறிவிட்டவர்களும் மார்ச் வந்ததும் இப்படியே பரபரப்பதைப் பார்க்கிறோம், காரணம் போன பின்னும் சடங்கு போவதில்லை.) இரவு சாப்பிடும்போது சம்சாரத்திடம் அந்தப் பெருமையைச் சொல்கிறார்.

"பாப்பா கணக்குல போன சித்திரையிலேயே அம்பதாயிரம் கட்டிட்டேனே, சீட்டு எடுத்த பணம்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நீங்க என்னைக்குக் கேட்டீங்க?"

கணவரே காப்பாளராக இருக்கும் பாப்பாவின் கணக்கு பாங்கியில், அவருடையது அஞ்சலகத்தில். ஒன்றன் கம்ப்யூட்டர் மற்றொன்றன் கம்ப்யூட்டரோடு பேசுவதில்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கும் இருவரே சித்திரை முதல் பங்குனி வரை பேசாதிருந்த விஷயத்தைக் கம்ப்யூட்டர்கள் பேசவில்லை என்று குறை கூறுதல் நியாயமாகாது. ஆகவே, பணம் பெருகியதால் அன்று, பேச்சு அருகியதால் வந்த வியாதி இது என்று துணிகின்றோம்.

அடுத்து எழுவது, எந்த ரூபாய் மிகை என்னும் சிக்கலான பிரச்சினை. சித்திரையில் வந்த சீட்டுப் பணம், வந்தபோது சாதுவாகவே வந்தது. பங்குனியில் வந்த பணமே அதை நெருக்கிற்று என்பது மனைவியின் கட்சி. குடும்பத் தலைவனுடைய பணம் எப்போது வந்தாலும் மிகையாகாது என்பது கணவரின் கட்சி. இவ்வாதம் வெறும் வாய்ப்பந்தல் அன்று. மாதத்தின் ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரையில் உள்ள மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுவதால், சித்திரைப் பணம் பல மாத வட்டிக்கு உரியது. மார்ச் கடைசியில் கட்டியதற்கு அந்த ஆண்டில் வட்டியே கிடையாது. 2020 ஏப்ரலில் நிர்ணயித்த 7.1 சதவீதப்படி, ஐம்பதாயிரத்துக்கு முழு ஆண்டின் வட்டி 3,550 ரூபாய். அம்மையாரின் கட்சியே வலுவுடையது.

ஒப்புநோக்கும் பொருட்டு அமெரிக்க தேசத்தையும் தொட்டுச் செல்வோம். அங்கே 2004 முதல் நடைமுறையில் உள்ள உடல்நலச் சேமிப்புக் கணக்கில், 2025-ம் ஆண்டுக்குத் தனி நபர் 4,300 டாலரும், குடும்பத்தார் 8,550 டாலரும் செலுத்த இடமிருந்தது. வருஷ மத்தியில் உத்தியோகம் மாறி, இரண்டு கம்பெனிகளும் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள, வரம்பைத் தாண்டிவிடும் மதுரைப் பிள்ளைகள், வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் அம்மிகையை அது சம்பாதித்த லாபத்தோடும் சேர்த்து வெளியே எடுத்துவிட வேண்டும். எடுக்காது விட்டால், மிகை அங்கே கிடக்கும் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஆறு வீதம் தண்டம். ஆக, மகன் அங்கே மிகையின் சம்பாத்தியத்துக்கு வரி கட்டுகிறான். தகப்பனார் இங்கே சம்பாத்தியமே இல்லாத மிகையைத் திருப்பிக் கேட்டு மனு எழுதுகிறார்.

சிகிச்சை அம்மனுதான். அஞ்சலகத்தில் சணலில் கட்டிய பேனா எழுதாமையால், பக்கத்தில் நின்றவரிடம் பேனா இரவல் வாங்கி, விடுநர், பெறுநர், பொருள் என்று வரிசைப்படுத்தி, "அறியாமையால் கூடுதலாகச் செலுத்திவிட்டேன்" என்று அறுபது வயதுக்காரர் ஒருவர் முப்பது வயது குமாஸ்தாவுக்கு எழுதித் தருகிறார். இரண்டு பாஸ்புத்தகங்களின் நகல்களைக் கோந்து தடவி ஒட்டுகிறார். குண்டூசி போதும் என்று யாரும் சொல்லவில்லை. சில வாரங்களில் ஐம்பதாயிரம், ஒரு பைசா கூடாமலும் குறையாமலும் சேமிப்புக் கணக்குக்கு வந்து சேர்கிறது.

வந்த பணத்தை வீணே வைத்திருக்க மனம் ஒப்புமா? மனைவி தன் பெயரிலேயே வைத்திருக்கும் பி.பி.எஃப். கணக்குக்குத் தனி ஒன்றரை லட்சம் வரம்பு உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டு, மறுநாள் காலையிலேயே கணவர் சலானைப் பூர்த்தி செய்துகொண்டு புறப்பட்டுவிட்டார். அந்தக் கணக்கில் அம்மையார் இவ்வாண்டு ஏற்கெனவே எவ்வளவு கட்டியிருக்கிறார் என்பதை அவர் இன்னும் விசாரிக்கவில்லை.