சார், நான் போறேன் சார்

வகுப்பில் கை தூக்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. விடை தெரிந்து தூக்குகிறவர்கள் ஒரு ரகம். அவர்களை விட்டுவிடுவோம், அவர்களைப் பற்றிப் பேச அவர்களுடைய அம்மாக்கள் இருக்கிறார்கள். நம்ம ஆள் இரண்டாவது ரகம். "ஏல, யாராவது ஸ்டாஃப் ரூம்ல போயி..." என்று சார் ஆரம்பிப்பதற்குள் கடைசிக்கு முந்தின பெஞ்சிலிருந்து ஒரு கை கிளம்பும். கையைத் தொடர்ந்து உடம்பும், உடம்பைத் தொடர்ந்து "சார், நான் போறேன் சார்" என்ற குரலும் வரும். எதை எடுக்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்ற விவரங்களை வராந்தாவுக்குப் போனபிறகு சன்னல் வழியாகக் கேட்டுக்கொள்வான்.

பாளையங்கோட்டையில் எந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாலும் இவனைப் பார்க்கலாம். 1820-இல் மிஷனரி இரேனியஸ் ஐயர் அந்த ஊருக்கு வந்ததிலிருந்து பள்ளிக்கூடம் கட்டுவது ஊர் வழக்கமாகிவிட்டது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கும் வரைக்கும் கட்டினார்கள். பாடம் நடத்த ஐயர்மாரும் துரைசாணிகளும் வந்ததெல்லாம் வரலாற்றில் இருக்கிறது. சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வந்தவன் யார் என்பதை மட்டும் ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

இந்த வேலைக்கு ஏழாம் வகுப்புதான் சரியான பதம். ஆறாம் வகுப்புக்காரனை ஹெச்.எம். ரூமுக்கு அனுப்பினால் லேப் வாசலில் நின்று அழுவான். எட்டாம் வகுப்புக்காரனுக்கு மீசை வரப்போகிற நினைப்பு வந்துவிடும். டஸ்டரைத் தட்டச் சொன்னால் கௌரவம் பார்ப்பான். ஏழாம் வகுப்புக்காரனுக்கு வழியெல்லாம் தெரியும், வெட்கம் இன்னும் வந்திருக்காது.

மற்ற மாதங்களில் அவனுக்குச் சில்லறை வேலைதான். மேப் ஸ்டாண்டைத் தூக்குவான், வருகைப் பதிவேட்டை ஆபீஸில் கொடுப்பான், சர்க்குலர் நோட்டைக் கொண்டுபோவான். இதில் சர்க்குலர்தான் உயர்ந்த பதவி. ஒவ்வொரு வகுப்பிலும் டீச்சர் வாசித்து, கண்ணாடியைத் தேடி, பேனாவைத் தேடிக் கையெழுத்துப் போடும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும்; இரண்டு பீரியடு ஓடிவிடும். சாக்பீஸுக்குப் போனால் திரும்பிவர இருபது நிமிடம் பிடிக்கும். எதிரே பி.டி. சார் வந்து "எங்கல சுத்துத?" என்றால், "சார் வரச் சொன்னாவ சார்" என்பான். எந்த சார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் எப்போதும் யாராவது ஒரு சார் யாரையாவது வரச் சொல்லியிருப்பார்தானே!

டிசம்பர் மூன்றாம் வாரம்தான் அவனுடைய சீசன்.

அந்த வாரத்தின் கொள்ளளவு அப்படி. 23-ஆம் தேதி வாக்கில் விடுமுறை விட்டாக வேண்டும். அதற்குள் அரையாண்டுப் பரீட்சை முடிய வேண்டும். ஏழாம் வகுப்புக்கு அரசாங்கக் கணக்கில் அது இரண்டாம் பருவத் தேர்வு. எழுத்துத் தேர்வுக்கு 60 மதிப்பெண், மீதி 40 வளரறி மதிப்பீட்டுக்கு. வளரறி மதிப்பீடு என்றால் வீட்டிலுள்ள பெரியவர்கள் இரவு பதினொரு மணிக்கு தெர்மகோலில் எரிமலை செய்வது என்று பொருள். இத்தனைக்கும் நடுவே கிறிஸ்மஸ் ப்ரோக்ராம், நாடகம், பாட்டு, குடில், வகுப்புக்கு ஒரு ஸ்டார், கேக் காசு வசூல். போதாததற்கு கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட் சீட்டுக் குலுக்கல். யார் பெயர் வந்தது என்பது பரம ரகசியம் என்று டீச்சர் எச்சரிப்பார். இடைவேளைக்குள் முழுப் பட்டியலும் நம்ம ஆளின் மனத்தில் இருக்கும்; சீட்டு எழுதத் தாள் கிழித்துக் கொடுத்ததே அவன்தான்.

வளரறி மதிப்பீட்டில் அவன் எதையும் செய்யமாட்டான். ஆனால் நான்கு குழுக்களிலும் அவன் பெயர் இருக்கும். முதல் குழுவுக்கு ஃபெவிகால் வாங்கிக் கொடுத்தான். இரண்டாவது குழுவின் எரிமலையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனான். மூன்றாவது குழுவின் எரிமலை தூக்கும்போது உடைந்ததால் சேர்ந்து ஒட்டினான். நான்காவது குழுவில் பெயர் எப்படி வந்தது என்று அந்தக் குழுவுக்கே தெரியாது.

குடில் விஷயத்துக்கு வருவோம். அதில்தான் அவனுடைய மேதைமை வெளிப்படும். குடிலுக்குள் பசும்புல் வேண்டும் என்று டீச்சர் ஒரு வார்த்தை சொன்னார். மறுநாளே மூன்று தட்டுகளில் மண் நிரப்பிக் கேப்பை தூவிவிட்டான். கேப்பை முளைத்துப் பச்சை கட்ட ஒரு வாரம் ஆகும். ஒரு வாரமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். எப்போது தெளிக்க வேண்டும் என்று வேளாண்மைத் துறை எதுவும் சொல்லாததால், கணக்குப் பீரியடில் தெளித்தான்.

"எங்கல போய்ட்டு வார?"

"கேப்பைக்குத் தண்ணி ஊத்தப் போனேன் சார்."

"அதுக்கு முக்கால் மணி நேரமா?"

"வேர்ல நின்னு ஊறணும்லா சார்."

கணக்கு சாருக்கு விவசாயம் தெரியாது. அவனுக்குக் கணக்கு தெரியாது. இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

பனை ஓலைக்கும் சவுக்குக் கம்புக்கும் வைக்கோலுக்கும் தனித்தனியாக மூன்று முறை போய்வந்தான். ஒரே நடையில் மூன்றையும் கொண்டுவரலாமே என்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டதற்கு அவன் பார்த்த பார்வையில் பத்து வருட சர்வீஸ் தெரிந்தது. போன வருடப் பொம்மைப் பெட்டியைத் திறந்தால், சாஸ்திரி ஒருவருக்குக் கை இல்லை, யோசேப்புக்குத் தாடி உரிந்திருந்தது, ஆடு இரண்டுதான் மிச்சம். கூட்டம் காட்டுவதற்காக ஆளுக்கொரு பொம்மை கொண்டுவந்தார்கள். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ் ஜீப் நின்றதைப் பார்த்து ஹெச்.எம். நெற்றியைச் சுருக்கினார். "ஏரோது ராஜா ஆளனுப்புனாம்லா சார்" என்று பதில் வந்தது. வேதபாடத்தில் கவனம் இருக்கிறதே என்று அவர் சமாதானமாகிவிட்டார். ஜீப்பும் அங்கேயே நின்றது.

அசிசி நகரத்து பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார் என்று டீச்சர் கதை சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் காலை வாட்ச்மேன் வீட்டு ஆட்டுக்குட்டி குடிலுக்குள் கட்டப்பட்டிருந்தது. பிரான்சிஸின் மாடு என்ன தின்றதோ, இந்தக் குட்டி முதல் பெல் அடிப்பதற்குள் ஒரு வாரக் கேப்பையையும் மேய்ந்துவிட்டு, பெத்லகேமைச் சுற்றிலும் தன் காணிக்கையைப் போட்டிருந்தது. டீச்சர் தலையில் கை வைத்தார். "மரத்தூள்ல பச்சைச் சாயம் போட்டா புல்லு மாரியே இருக்கும் டீச்சர். மரக்கடைக்கு நான் போறேன்." ஆடு தின்றதில் வருத்தப்படாத ஒரே ஆள் அவன்தான். அவனுக்கு இன்னொரு நடை கிடைத்தது.

பரீட்சை மட்டும்தான் அவனை உட்காரவைக்கும். இடம் மாற்றி, பெஞ்சுக்கு ஒரு ஏழாம் வகுப்பு, ஒரு ஒன்பதாம் வகுப்பு என்று உட்காரவைப்பார்கள். பக்கத்தில் இருக்கும் ஒன்பதாம் வகுப்பு அண்ணன் தலை நிமிராமல் எழுதுவான். நம்ம ஆள் தலை குனியாமல் காத்திருப்பான். விசிறி சத்தம் போட்டால் ஸ்விட்சைப் பார்ப்பான். யாராவது அடிஷனல் பேப்பர் கேட்டால் சூப்பர்வைசரை முந்திக்கொண்டு எழுந்துவிடுவான். "ஒக்காருல" என்ற சொல்லைக் கணக்குப் பரீட்சையன்று ஆறு முறை கேட்டான். ஏழாவது முறை விடைத்தாள் கட்டுவதற்கு நூல் தீர்ந்துபோனது. சூப்பர்வைசர் சுற்றிலும் பார்த்தார். வேறு வழியில்லை. அவன் போனான். திரும்பிவந்தபோது நூலோடு, எட்டாம் வகுப்புக்கு அறிவியல் வினாத்தாள் கஷ்டமாம், மதியம் ரிகர்சல் இல்லையாம், ஐயர் வந்திருக்கிறாராம் என்ற மூன்று செய்திகளும் வந்தன. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரைக்கும் யாரையும் பெயில் போடுவதில்லை என்ற கொள்கையை, அதை எதிர்த்துப் பேசும் நிபுணர்கள் எல்லோரையும்விட அவன் ஆழமாகப் புரிந்துவைத்திருக்கிறான்.

அந்த வாரம் மழையும் வரும். வடகிழக்குப் பருவமழைக்கு அரையாண்டுக் கால அட்டவணை தெரியாது. மேகம் இருட்டினால் வகுப்பு முழுக்கக் கலெக்டரை நினைத்துக்கொள்ளும். லீவு உண்டா என்று கேட்டு வருவதும் நம்ம ஆளின் வேலைதான். ஒரே ஒரு வருடம் லீவு கேட்க ஆளில்லாமல் போனது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. பரீட்சை தள்ளிப்போனது. அப்போது சோற்றுப் பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் தெருத் தெருவாகப் போன கூட்டத்தில், இடுப்பளவு நனைந்து, ஒரு வீடு பாக்கியில்லாமல் விலாசம் சொல்லிக்கொண்டு இந்த ரகத்துப் பையன்களும் போனார்கள். அன்றைக்கு ஒருத்தரும் "எங்கல சுத்துத?" என்று கேட்கவில்லை.

இப்படிப்பட்டவன் வீட்டில் எப்படி என்று கேட்கலாம். சார்ட் பேப்பர் விஷயமாக வரவழைக்கப்பட்ட அவன் அம்மாவிடம், "ஒங்க பையன் இல்லன்னா இந்த வாரம் பள்ளிக்கூடமே நடக்காது" என்று டீச்சர் மனதாரச் சொன்னார். அந்த அம்மா பின்னால் திரும்பி வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "நம்ம பயலயா டீச்சர் சொல்லுதீய? முக்குக் கடைல தீப்பெட்டி வாங்கிட்டு வாலன்னா நான் மூணு தடவ கெஞ்சணும்." இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. தீப்பெட்டிக்குப் போனால் தப்பிக்க வேண்டிய கணக்குப் பீரியடு வீட்டில் ஏது?

கடைசி நாள் நாடகம். ஆம்பிளைப் பையன்கள் பள்ளி என்பதால் மரியாளாக ஆறாம் வகுப்பில் குரல் உடையாத ஒருவன். யோசேப்பு எட்டாம் வகுப்பு. கல்யாணப் பேச்சு வந்தாலே இருவரும் மேடையின் இரண்டு ஓரங்களுக்கு ஓடினார்கள். சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எழுதவில்லை; காணிக்கைதான் மூன்று. இந்தச் சந்து கிடைத்ததும் தாளாளர் சிபாரிசில் ஒருவன், பெற்றோர் ஆசிரியர் கழகத்து சிபாரிசில் ஒருவன் என்று கிழக்கிலிருந்து ஐந்து சாஸ்திரிகள் அம்மாமாரின் பட்டுச் சேலையில் புறப்பட்டார்கள். நம்ம ஆளுக்கு வேஷம் இல்லை. கம்பியில் தொங்கும் நட்சத்திரத்தைத் திரைக்குப் பின்னால் நின்று கயிற்றால் இழுக்கும் வேலை. பாதி வழியில் நட்சத்திரம் சிக்கிக்கொண்டது. ஐந்து சாஸ்திரிகளும் வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள். "நீங்க போங்கல, அது பொறவு வரும்" என்று வானத்திலிருந்து குரல் கேட்டது. கிழக்கத்திய ஞானம் அதற்குக் கீழ்ப்படிந்தது. விடுமுறை 25-க்கு முன்னாலேயே தொடங்கிவிடுவதால் பாலன் 22-ஆம் தேதியே பிறந்தார்.

பிறகு கிறிஸ்மஸ் தாத்தா வர வேண்டும். வேஷம் போடுவதாக ஒப்புக்கொண்ட பதினொன்றாம் வகுப்பு அண்ணன், பஞ்சுத் தாடியையும், ரோஸ் கலர் பிளாஸ்டிக் முகத்தையும், வயிற்றில் கட்டுவதற்கு வைத்திருந்த ஹாஸ்டல் தலையணையையும் பார்த்துவிட்டு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டான். "யாருல போடுதிய..." என்று பி.டி. சார் முடிக்கவில்லை.

நாலாம் நூற்றாண்டில் மீராவில் மேற்றிராணியாராக இருந்த நிக்கோலாவுக்கு இந்தக் கதி நேருமென்று யார் நினைத்திருப்பார்கள்? தொளதொளத்த சிவப்புச் சட்டை தரையைக் கூட்ட, தலையணை இடது பக்கமாகச் சரிய, வேர்த்து விறுவிறுத்து ஆடிக்கொண்டே தாத்தா வந்தார். பாதி ஆட்டத்தில் மைக் செத்துப்போனது. தாத்தா ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் கழன்ற வயரைச் சொருகிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆடினார். கூட்டம் அதற்குத்தான் அதிகம் கைதட்டியது. முன்வரிசை ஆறாம் வகுப்பு ஒருவன், "இது நூல் எடுக்கப் போன அண்ணன்ல?" என்று பக்கத்தில் கேட்டான்.

மிட்டாய் வீசி முடித்து ஆசிரியர்கள் வரிசைக்கு வந்தார் தாத்தா. ஓரத்து நாற்காலியில் கணக்கு சார். மடியில் ஏழாம் வகுப்பு விடைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா. ப்ரோக்ராம் நடக்கும்போதே திருத்தி முடிக்கிற ரகம் அவர். அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். மிட்டாயை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் முகத்தின் கண் ஓட்டைக்குள் உற்றுப் பார்த்தார்.

"ஏல தாத்தா, ஒன் பேப்பரைத் திருத்திட்டேன்."

ஆட்டம் நின்றது. முகமூடிக்குள்ளிருந்து சன்னமாகக் குரல் வந்தது. "அறுபதுக்கு எத்தன சார்?"

கணக்கு சார் காகிதத்தைப் பிரித்து மிட்டாயை வாயில் போட்டு நிதானமாக ஒருமுறை கடித்தார். பிறகு கையை நீட்டினார்.

"இன்னும் ரெண்டு மிட்டாய் குடு, சொல்லுதேன்."